மிஸ்டு கால் கொடுக்கும் மோட்டார்

இரண்டு புதுப் பெல்ட்டில் அளவு மாறிப்போன ஒன்றைக் கலியாணசுந்தரம் கடையில் கொடுத்துவிட்டு வேறு பெல்ட்டுக்காக நின்றபோதுதான் இளங்கோவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். பை தட்டையாக இருந்தது. பேண்ட் பையிலும் தடவினான். செல்லைக் காணோம்.

வழியில் வீட்டுக்குப் போய் இட்லி தின்ற கையோடு அதைச் சார்ஜில் சொருகியது நினைவுக்கு வந்தது.

வேறு நாளாக இருந்தால் செல் வீட்டில் கிடப்பதால் குடி முழுகிவிடாது. இன்று திருப்பருத்திக்குன்றத்து போர்வெல் கொட்டகையில் மெக்கானிக் ஜான்சன், கம்ப்ரஸரின் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கையை விட்டு வேலை செய்துகொண்டிருக்கிறான்.

சாயப் பட்டறைக்குத் தண்ணீர் ஏற்றும் அந்தக் கம்ப்ரஸரைப் பெல்ட்டால் சுற்றுவது ஒரு மோட்டார். முதலாளி வரதராஜன் சென்னைக்குக் குடிபோனதும் அதில் சிம் கார்டு போட்ட ஒரு பெட்டியை மாட்டிவைத்தார். மோட்டார் நின்று கிடந்தால் பெட்டி, அதைப் பார்த்துக்கொள்ளும் இளங்கோவனின் செல்லுக்கு விடாமல் மிஸ்டு கால் கொடுக்கும். அந்தச் செல்லிலிருந்து திருப்பிக் கூப்பிட்டால் ஒரு மணி அடித்துத் தானே துண்டித்துக்கொண்டு மோட்டாரை ஓட்டிவிடும். கரண்ட் போனாலோ முதலாளிக்கே செய்தி பறக்கும். யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று அவர் உடனே பிடித்துக்கொள்வார்.

அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் காலையில் இளங்கோவன் குறுக்கே நின்றான். எந்த ரிப்பேரானாலும் கரண்டை அறுக்கப் பீங்கான் பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கைவைப்பதுதான் ஜான்சனின் வழக்கம்.

“வேணாம்பா. புடுங்கினா பெருசு போன் பண்ணி உயிர எடுக்கும். செல்லு எங்கிட்ட கீது. நான் அமுத்தாம மோட்டாரு எப்டி ஓடும்?”

“அப்ப என் கை உன் பாக்கெட்ல கீதுன்னு சொல்லு,” என்று சிரித்தான் ஜான்சன்.

பாக்கெட் இப்போது காலி.

மனைவி சுகாசினி வெட்டியாகப் போன் பேசுகிறவள் இல்லை. ஆனால் தாமலில் தாய்வீட்டில் இருந்த அவள் தங்கைக்கு மாசம் நிறைந்திருந்தது. அவர்கள் அம்மா அன்னம்மாளிடம் போன் கிடையாது. அக்கம்பக்கத்தில் யார் செல்லாவது வாங்கி மிஸ்டு கால் கொடுப்பாள், இவள் திருப்பிக் கூப்பிட வேண்டும். தெரியாத நம்பர் வந்தாலே அம்மாதான் என்பது அந்த வீட்டுக் கணக்கு. பெட்டியின் சிம்மைப் போன வாரம்தான் மாற்றியிருந்தார்கள். புது நம்பருக்கு இளங்கோவன் இன்னும் பெயர் போட்டு வைக்கவில்லை.

கடை வாசலிலிருந்த காசு போனில் தன் நம்பரையே அடித்தான். எங்கேஜ்டு. மறுபடி அடித்தான். எங்கேஜ்டு. பெட்டியைக் கூப்பிட்டால் இவ்வளவு நேரம் ஆகாதே, யாரோ மனுஷரோடுதான் பேசுகிறாள் என்று தேற்றிக்கொண்டான். அதற்கு முன்னால் யாரைக் கூப்பிட்டாள் என்று அடுத்த மூச்சிலேயே கேள்வி வந்தது.

“வூட்டுக்காரம்மா பேசிக்கினு இருப்பாங்க. அதுக்கு ஏன்யா நெருப்ப மிதிச்சாப்ல நிக்கற?” என்றார் கலியாணசுந்தரம்.

மூன்றாம் தரம் மணி போயிற்று.

“ஏங்க, செல்ல உட்டுட்டுப் போய்ட்டீங்களே,” என்றாள் சுகாசினி.

“யாருக்குப் போன் போட்ட?”

“அம்மாவுக்குத்தான். மிஸ்டு காலு வந்துக்கினே இருந்திச்சி. திருப்பிப் போட்டேன், ஒரு ரிங்கு அடிச்சி கட்டாய்டுச்சி. பயந்துபோயி அவங்க பக்கத்து வூட்டுக்குப் போட்டேன். நான் குடுக்கவே இல்லன்றாங்க அம்மா. அப்ப யாருங்க அது?”

ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு ஓடினான். பெல்ட்டை எடுத்துக்கொள்ளக்கூட இல்லை. மொபெட் இரண்டு உதை வாங்கியபின்தான் கிளம்பியது. பிள்ளையார்பாளையத்துக்குள் புகுந்தால் சீக்கிரம் போகலாம் என்று திரும்பினான். அங்கே தெரு நீளத்துக்குப் பட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, ஆளுக்கொரு பக்கமாக இழை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாகத் தள்ளிக்கொண்டு போ, அறுந்தால் எங்கள் பிழைப்பு போச்சு என்றார் ஒருவர். வண்டியைச் சுவரோடு சுவராக உருட்டினான். ஒரு கைதான் கண்முன் நின்றது. யார் கை என்று நினைக்கவே பயமாக இருந்தது.

தெரு முனையில் ஏறி முறுக்கினான். கொட்டகைக்கு வெகு முன்னாலேயே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

உள்ளே கம்ப்ரஸர் அசையவில்லை. மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மாட்டியிருந்த புதுப் பெல்ட் தெறித்துச் சுவரோரம் சுருண்டு கிடந்தது. ஜான்சன் வெளித்தொட்டியருகில் உட்கார்ந்து வலக்கையை முழங்கை வரைக்கும் தண்ணீரில் விட்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

“பொட்டி ஒரு தரம் கிணுகிணுன்னு அடிச்சிச்சிணா,” என்றான். “நீ போட மாட்டன்னுதான் கைய எடுக்கல.”

இளங்கோவன் பக்கத்தில் குந்தினான். கையை வெளியே எடுத்துக் காட்டச் சொன்னான். பெல்ட் அறைந்த இடம் தடித்துக் கறுத்திருந்தது.

“வெரல மடக்குப்பா.”

ஒவ்வொன்றாக மடக்கினான். சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லை.

யார் போட்டது என்று ஜான்சன் கேட்டான். சுகாசினி பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இளங்கோவன் அதை விழுங்கிக்கொண்டு, நான்தான், காலையில் கட்டையைப் பிடுங்க வேண்டாமென்று நான் சொன்னதுதான் என்றான்.

பிறகு உள்ளே போய் மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கினான். மோட்டார் முனகி அடங்கியது. கட்டைகளைக் கொண்டுவந்து ஜான்சனின் இடக்கையில் வைத்தான்.

“பெருசு போன் பண்ணுமேணா.”

“பண்ணட்டும். செல்லு வூட்ல கீது. ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

கட்டைகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் பிடித்துக்கொள்ளேன், விழுந்துவிடப் போகிறாய் என்று பாதி வழியில் இளங்கோவன் சொல்லிப் பார்த்தான். ஜான்சன் நல்ல கையிலிருந்த மூன்றையும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் விடவில்லை.