கொடுத்த இடத்தில்

தைபேயில் இரண்டு நாள். கோபுரம், அரண்மனை அருங்காட்சியகம், இரவுக் கடைத்தெரு என்று தமாகி எல்லா இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போனாள். சோஹெய் போனான். படம் எடுக்கச் சொன்ன இடத்தில் எடுத்தான். வாங்கித் தந்ததைத் தின்றான். நன்றாக இருக்கிறதா என்றால் இருக்கிறது என்றான். செத்துப்போன மனைவியின் அக்காவோடு ஊர் சுற்ற வந்தவனிடம் அதற்கு மேல் தமாகியும் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலைக்காகத்தான் அவள் வந்ததே. துணிக்கடைத் தெருவில் இருக்கும் சின்னக் கோயில் அது. உள்ளே வெண்தாடியோடு உட்கார்ந்திருக்கும் சாமிக்கு ஜோடி சேர்த்து வைப்பதுதான் வேலை. தங்கை மினோரி கல்யாணத்துக்கு முன்னால் அவளோடு இங்கே வந்து வேண்டிக்கொண்டு, ஜோடியைக் கட்டி இழுத்து வரும் என்று இங்கே தரும் சிவப்பு நூல் ஒன்றை வாங்கிப் போனாள். அந்த வருஷமே சோஹெய் கிடைத்தான். கல்யாணம் ஆனால் இனிப்புப் பெட்டியோடு திரும்பி வந்து நன்றி சொல்வது வழக்கம். முதலில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. பிறகு அவளுக்கு உடம்பு முடியவில்லை. பிறகு அவளே இல்லை.

நன்றி நின்றுபோனதால்தான் இப்படி ஆயிற்று என்று தமாகி நம்பினாள். சோஹெய் நம்பவில்லை. அவனுக்குப் பர்ஸில் இருந்த அந்த நூல்தான் தாளவில்லை. எறியவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. கொடுத்த இடத்திலேயே கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் விமானம் ஏறியிருந்தான்.

வரிசையில் எல்லாம் பெண்கள். பாதிப் பேர் இவர்களைப் போலவே ஜப்பானிலிருந்து வந்தவர்கள்.

"மூஞ்சியக் கொஞ்சம் நல்லா வச்சுக்கோ. உன்னப் பாத்தா சாமியே எழுந்து போயிடும்" என்றாள் தமாகி.

"நான் ஜோடி கேக்க வரலையே, அக்கா."

"அது வரிசையில நிக்கிற அத்தன பேருக்கும் தெரியுது."

உள்ளே போனதும் அவள் கைகூப்பிக் குனிந்தாள். நிமிர்ந்ததும் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். சோஹெய் இனிப்புப் பெட்டியோடு நின்றான். கோயிலில் சேவை செய்யும் ஓர் அம்மாள் பெட்டியைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். சீன மொழியில் சத்தமாக ஏதோ சொன்னாள். வரிசை முழுக்கக் கை தட்டியது. பெட்டியைப் பிரித்துத் தட்டில் பரப்பினாள். ஜோடி சேர்ந்தவர்கள் கொண்டுவரும் இனிப்பைத் தின்றால் தின்றவர்களுக்கும் ஜோடி சேரும் என்று இங்கே நம்பிக்கை.

"வீட்டுக்காரம்மா வரலையா?" என்று அரைகுறை ஜப்பானிய மொழியில் கேட்டாள்.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. "ஓட்டல்ல இருக்கா. சளி புடிச்சிருக்கு" என்றான்.

வரிசையில் நின்ற ஒரு பெண், அவன் ஊர்ப் பேச்சுக்காரி, தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். "உங்களுக்கு அமைஞ்ச மாதிரியே எனக்கும் அமையணும்னு வேண்டிக்கிட்டேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் கடித்துவிட்டாள்.

அவன் நூலை எடுத்து அம்மாளிடம் நீட்டினான். "இதத் திருப்பிக் குடுக்கணும்."

அவள் சிரித்தாள். கல்யாணம் ஆகிறதுக்குள் எல்லோரும் இதைத் தொலைத்துவிடுவார்களாம். இத்தனை நாள் காப்பாற்றி வைத்திருக்கிற புருஷனை இப்போதுதான் பார்க்கிறாளாம். அவன் தடுப்பதற்குள் நூலை ஊதுபத்திப் புகைக்கு மேல் மூன்று முறை சுற்றினாள். அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"போனதும் அவங்க கையில கட்டிவிடுங்க. இனிமே விட்டுப் போகாது."

அவன் குனிந்து நன்றி சொன்னான்.

வெளியே தமாகி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "சாமி ஏத்துக்கிச்சா?"

"ஏத்துக்கிச்சு, அக்கா."

அவள் பெருமூச்சு விட்டாள். சாவு வீட்டுக்குப் பிறகு அவள் இப்படி நிம்மதியாக நின்று அவன் பார்த்ததில்லை. விமானத்துக்கு நேரம் இருக்கிறது, பக்கத்தில் நூடுல்ஸ் நன்றாக இருக்குமாம், சாப்பிட்டுவிட்டே போகலாம் என்றாள்.

சரி என்றான். நூலைப் பிடித்திருந்த கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காமலே அவள் பின்னால் நடந்தான்.