பன்னிரண்டாவது போல்ட்

வின்ஸ்டன் ஐந்தரைக்கு எழுவான். பால் காய்ச்சி, ஒரு டம்ளர் காப்பி குடித்து, வீட்டை ஒட்டிய ஷெட்டைத் திறப்பான். தரையில் சாக்கின் மேல் கிடக்கும் எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி, காருக்குள் இறக்கி, பன்னிரண்டு போல்ட்டையும் முடுக்குவான். சாவியைத் திருப்பினால் சத்தமே வராது. ஒன்பது மணிக்குக் கை கழுவுவான். மறுநாள் காலை, பூட்டிய ஷெட்டுக்குள் எஞ்சின் தானாகக் கழன்று மறுபடி சாக்கின் மேல் இருக்கும். ஒரு சொட்டு ஆயில் சிந்தியிருக்காது. போல்ட்டுகள் தட்டில் வரிசையாக இருக்கும். நாற்பத்தோரு நாளாக இப்படி. தறிகள் ஓடும் சூலூரில் இதை நூல் விலையைப் போலத் தினமும் பேசிக்கொண்டார்கள்.

கார் 1978-ஆம் வருட ஃபியட். லாரி மோதி முகம் நசுங்கி, ஆறு வருடம் முருங்கை மரத்தடியில் நின்றதை அவன் மனைவி டெய்சிதான் பிடிவாதமாக வாங்கினாள். இருவரும் ஒரே கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர்கள். டிங்கர் யூனுஸ் முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தினான். அடிபட்ட இடம் கைக்குக்கூடத் தெரியாது. தறி ஓட்டும் தனபால் ஒரு ஜிப்சி ஜீப்பின் எஞ்சினைத் தேடிப் பிடித்தான். அது ஃபியட்டுக்குள் அடங்காது என்று கோயமுத்தூர் கராஜ்காரர்கள் சிரித்தார்கள். டெய்சி தாங்கிகளைத் தானே வரைந்து, லேத்தில் கடைந்து, அடக்கிக் காட்டினாள். சிரித்தவர்கள் பிறகு போட்டோ எடுக்க வந்தார்கள். ஷெட்டில் அவள் வைத்த சட்டம் ஒன்றுதான்: முடுக்கியவர் புள்ளி வைக்கக் கூடாது. வின்ஸ்டன் முடுக்குவான். அவள் ஸ்பானர் போட்டுச் சோதித்து, சிவப்பு நெயில் பாலிஷால் புள்ளி வைப்பாள். மாசி மாதம் ஒரு மதியம், வேலை முடியும் நேரத்தில் வீட்டுக்குள் போனவள் சமையலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. வயது முப்பத்தொன்று. கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டவர்களிடம், ஒன்றும் சொல்லவில்லை என்றான் வின்ஸ்டன். அடக்கம் முடிந்து அவன் வண்டியை எடுக்கப் பார்த்த நாளிலிருந்துதான் எஞ்சின் இறங்கத் தொடங்கியது.

கோயமுத்தூரில் நடக்கும் பழைய கார் அணிவகுப்புக்கு டெய்சி தன் பெயரில் பதிந்து வைத்திருந்தாள். அந்த ஞாயிறு நெருங்கிவிட்டது. அவள் கட்டிய வண்டி அங்கே போய் நிற்க வேண்டும் என்பதைத் தவிர வின்ஸ்டனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை அவன் எஞ்சினை ஏற்றி முடித்த நேரத்தில் நண்பர்கள் தனபாலும் யூனுஸும் வந்தார்கள்.

"ஏனுங்க மாப்ள, எஞ்சினுக்குத் தனி ரேஷன் கார்டு வாங்கிப்போடலாமுங்களா? தனியாத்தான குடித்தனம் பண்ணுது" என்றான் தனபால்.

யூனுஸ் டார்ச்சோடு காருக்கடியில் புகுந்தான். "அண்ணா, பதினொண்ணுக்குப் புள்ளி இருக்குது. இந்தக் கீழ் போல்ட்டுக்கு இல்லீங்க."

"அது நான் நல்லா முடுக்குனது."

யூனுஸ் ஸ்பானர் போட்டான். கால் சுற்று போயிற்று. "நல்லா முடுக்குனீங்க போங்க."

நாற்பத்தோரு நாளும் அதே கால் சுற்று குறைந்திருந்தது. தான் முடுக்கியது என்பதால் வின்ஸ்டன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அலமாரியில் இருந்த நெயில் பாலிஷை எடுத்து யூனுஸிடம் நீட்டினான். யூனுஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "அது அக்கா வேலைங்கண்ணா." பாட்டிலின் மூடியைத் தளர்த்திக் காருக்கடியில் வைத்துவிட்டு ஷெட்டைப் பூட்டினார்கள்.

ஞாயிறு ஐந்தரைக்கு வின்ஸ்டன் எழுந்தான். பால், காப்பி. நண்பர்கள் வந்ததும் ஷெட்டைத் திறந்தான். எஞ்சின் காருக்குள் இருந்தது. பன்னிரண்டாவது போல்ட்டில் சிவப்புப் புள்ளி, இன்னும் காயவில்லை. "கோணலா வெச்சிருக்குது. அக்காதான்" என்றான் யூனுஸ். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமி ஓடத் தொடங்கியது. மூவரும் சிங்காநல்லூர் வழியாகப் போனார்கள். அறுபது கார்கள் நின்ற மைதானத்தில் இதைச் சுற்றித்தான் கூட்டம். எந்த கராஜ் வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம், "டெய்சி கட்டுனதுங்க" என்றான் வின்ஸ்டன். எத்தனை பேர் கேட்டும் அவனுக்குச் சலிக்கவில்லை. அதன் பிறகு ஒரு இரவும் எஞ்சின் கழன்று இறங்கவில்லை.

திரும்பும் வழியில் டீக்கடையில் தனபால் கேட்டான். "இப்பவாச்சும் சொல்லுங்க மாப்ள. அம்மணி கடைசியா என்னதான் சொல்லுச்சு?"

வின்ஸ்டன் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்.

"கீழ் போல்ட்டு ஒண்ணு பாக்கி இருக்குதுங்க. நான் வந்து பாத்துப் புள்ளி வெக்கறேன். அதுவரைக்கும் வண்டிய எடுத்துப்போடாதீங்க."