தொட்டுக்கொண்டு நின்ற குழாய்

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையையொட்டி இன்னாசியின் பட்டறை இருந்தது. இரும்பு வார்ப்பவர்களுக்குத் தேவையான மாதிரிகளை அங்கே கணினியில் வடித்து, பிளாஸ்டிக்கில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். கார்குழலியும் ஒவைஸும் ஆறு மாதங்களுக்கு முன் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். நிரந்தர வேலை ஒருவருக்குத்தான் என்று இன்னாசி அன்றைக்கே தெரிவித்திருந்தார். அது கிடைக்காவிட்டால், தாய் பவுனம்மாளோடு ராயபுரத்தில் பனிக்கட்டிக்குள் கையை விட்டு இறால் உரிக்கப் போக வேண்டும் என்பதைக் கார்குழலி ஒரு நாளும் மறந்ததில்லை.

கடைசித் தேர்வாக இருவருக்கும் ஒரே வேலை தரப்பட்டது. உருளை வடிவில் ஒரு பம்ப்பின் உடல். அதன் பக்கவாட்டில் ஒரு குழாய். இதைச் சற்றே விளக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் படம் வரைவதில்லை, நிரல் எழுதுவார்கள். உருளைக்கு ஒரு வரி, குழாய்க்கு ஒரு வரி, இரண்டையும் ஒன்றாக்கும்படி மேலே ஒரு வரி.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஒவைஸ் தன் நாற்காலியை அவள் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தான்.

“குழலி, ஒரு தபா என் ஃபைல பாரேன். நீ ஓகேன்னா அனுப்பிடறேன்.”

அவள் பார்த்தாள். உருளையின் ஆரம் நாற்பது மில்லிமீட்டர். குழாயையும் மையத்திலிருந்து மிகச் சரியாக நாற்பதிலேயே தொடங்கியிருந்தான். ஆனால் குழாயின் முனை தட்டை. உருளையின் முதுகோ வளைவு. தண்ணீர் டிரம்மை ஒட்டிப் பலகையை நிமிர்த்தி வைத்ததுபோல இரண்டும் ஒரே ஒரு கோட்டில் தொட்டுக்கொண்டு நின்றன. ஒன்றினுள் ஒன்று சிறிதேனும் புகாவிட்டால் அவை ஒட்டுவதில்லை. திரையில் அந்த இடுக்கு கண்ணுக்குப் படவில்லை.

“இன்னா, எதுனா மிஸ்டேக் கீதா?”

“ஒண்ணியும் இல்லப்பா. சூப்பரா கீது. அனுப்பு,” என்றாள் கார்குழலி.

“நீ சொன்னா போதும், தோஸ்து.”

மறுநாள் காலை, அச்சாகி வந்த மாதிரிகள் இருந்த மேசையைச் சுற்றி இன்னாசி எல்லோரையும் நிற்க வைத்தார். கார்குழலியின் மாதிரியைக் குழாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ஒவைஸின் மாதிரியைத் தூக்கியபோது குழாய் மட்டும் கையோடு வந்தது. உடல் தரையில் விழுந்து உருண்டது.

“நைனா, எச்சி தொட்டு ஒட்டிகினு வந்தியா?” என்றார் மெஷின் ஓட்டும் திருமலை. பட்டறையே சிரித்தது.

இன்னாசி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குழாயை ஒவைஸின் சட்டைப்பையில் செருகினார். “வூட்டுக்கு எட்துகினு போ. ஆறு மாசமா இன்னா பண்ணேன்னு உங்க அத்தா கேட்டா, இத்த காட்டு.”

ஒவைஸ் பையை மாட்டிக்கொண்டு கார்குழலியிடம் வந்தான். “நீ பேஜார் ஆவாத, குழலி. உனுக்கே தெரியலன்னா எனக்கு எப்டி தெரியும்?” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனான்.

“யம்மா, அவன் ஃபைல்ல இன்னா தப்புன்னு கண்டுபுடி. எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல,” என்றார் இன்னாசி.

“நாப்பத முப்பத்தஞ்சு ஆக்கணும் சார். குழாய் உள்ள போய் ஒட்டிக்கும்,” என்றாள் அவள், சட்டென்று.

“ஃபைலயே நீ இன்னும் தொறக்கலியேம்மா!” என்றார் திருமலை.

வாசலில் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஒவைஸ் திரும்பினான்.

“நேத்தே பாத்துட்டியா, குழலி?”

இன்னாசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு நேரம் பிடிக்கவில்லை.

“நீ இன்னும் போவலியா?” என்று ஒவைஸைக் கேட்டுவிட்டு, அவள் பக்கம் திரும்பினார். “யம்மா, நாளைக்கு வர்றப்ப வேலைக்கு எழுதிக்க ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு எட்துகினு வா.”

“சரிங்க சார்,” என்றாள் கார்குழலி.