அக்கா கிணற்றுக்குள் ஒரு குழாய்

சரளைக்கல் தோண்டும் குழியில் ஊறும் தண்ணீரை ஓடைக்கு இறைத்துவிடுவதுதான் பம்ப்காரனின் வேலை. குழி ஆழமாக ஆக, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அவன் அக்காவின் கிணறு வற்றிக்கொண்டே போனது.

“என் கிணத்தை உறிஞ்சி ஓடையில விடுறியே, நல்ல தம்பிடா நீ!” என்றாள் அக்கா.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. சூப்பர்வைசர் சாப்பிடப் போனதும், ஓடைக்குப் போன குழாயை இழுத்து அக்காவின் கிணற்றுக்குள் விட்டான்.

“கலங்கலா இருந்தா என்ன, தெளிய வச்சுக்கிறேன். விடுடா ராசா!” அக்கா குடம் எடுக்க ஓடினாள்.

ஆனால் குழியில் தண்ணீர் குறையவில்லை. கிணற்றுப் பக்கச் சரிவில் சரளைக்கு நடுவே புதிதாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கிணற்றில் விட்டதெல்லாம் சுற்றிக்கொண்டு அவன் பம்புக்கே வந்தது. ஈரத்தில் சரிவு இளகி, கீழே வேலை செய்தவர்கள் அருகே கற்கள் உருண்டன.

பதறிப்போய்க் குழாயை மறுபடி ஓடைக்கே திருப்பினான்.

அக்கா குடத்தோடு கிணற்றை எட்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கத் தண்ணீர் இறங்கியது.

“டேய், எங்கடா போகுது?”

“என்கிட்டதான்க்கா” என்றான். குழிக்குள் ஆட்கள் இருக்க, பம்பை நிறுத்த அவனால் முடியவில்லை.