பாட்டுக்கு முன் ஒரு மூச்சு

மதியம் மூன்று மணிக்கே அவனுக்குக் கண் சொருகியது. இரண்டு வாரமாக நாளொன்றுக்கு முப்பது தட்டு. பழைய அரக்கு இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கும் கடை அது. ஊசி வைப்பது, இரைச்சலைத் துடைப்பது, முன்னும் பின்னும் வெட்டுவது எல்லாம் அவன் ஒருவனே.

எதிரே ஒரு அண்ணனும் தங்கையும். அவர்களின் அம்மா நான்கு பெண்கள் சேர்ந்து பாடிய பாட்டில் ஒரு குரல். ஆயுசுக்கும் அந்த ஒரே தட்டுதான். அம்மா போனபின் தட்டு அண்ணனுக்கு, நகல் தங்கைக்கு என்று முடிவாகியிருந்தது.

தங்கை ஹெட்போனைக் கழற்றினாள். "இதுல அம்மா இல்லையே."

"நாலு குரலும் கண்ணாடி மாதிரி கேக்குதேம்மா," என்றான் அவன்.

"நாலுல எது அம்மான்னு எங்களுக்கே தெரியாது. பாட்டுக்கு முன்னாடி அவசரப்பட்டு ஒரு மூச்சு இழுப்பாங்க. அது மட்டும்தான் அம்மா. பாட்டு ஆரம்பிச்சா நாங்க எழுந்து போயிடுவோம்."

அண்ணன் சிரித்தார். "அப்பவே சொன்னேன். கம்ப்யூட்டர்ல ஏத்தினா குளிப்பாட்டின பொணம் மாதிரிதான் இருக்கும். வேணும்னா என் வீட்டுக்கு வந்து தட்டுல கேட்டுட்டுப் போ."

"உன் வீட்டுல கேக்க டிக்கெட் எவ்வளவுண்ணே?" என்றாள் தங்கை.

அவன் உறைக்குள் இருந்த தட்டைப் பார்த்தான். மூச்சை வெட்டியதல்ல அவனை உறுத்தியது. முதல் சுரத்துக்கு முன்னால் உள்ளதை வெட்டுவது கடை வழக்கம். நேற்றுப் பதிவு முடிந்ததும், இரைச்சல் அதிகம், கழுவிவிட்டு இன்னொரு தரம் ஓட்டலாம் என்று நினைத்தான். வினைல் தட்டுக்கு ஸ்பிரிட், அரக்குத் தட்டுக்குச் சோப்புத் தண்ணீர். தூக்கக் கலக்கத்தில் கை ஸ்பிரிட் பாட்டிலுக்குப் போனது. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும். துணி கறுத்தபிறகுதான் உறைத்தது. தட்டை உறைக்குள் போட்டு மூடிவிட்டான்.

"வெட்டாதது இருக்கா?" என்றாள் தங்கை.

இருந்தது. சோம்பலில் அழிக்காமல் விட்ட கோப்பு. ஓட்டினான். எண்ணெய்ச் சட்டிபோலப் பொரிந்தது. சுற்றுக்கொரு தரம் கீறல் டொக்கென்றது. அந்தப் பொரிச்சலுக்கு நடுவே யாரோ அரை நொடி மூச்சிழுத்தார்கள்.

பாட்டு ஆரம்பித்ததும் தங்கை ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். "போதும். இதையே குடுங்க. எதையும் துடைக்காதீங்க."

"என் தட்டைக் குடுப்பா. நேரமாச்சு," என்றார் அண்ணன்.

சொல்லாமல் விடலாம். வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு ஊசியைத்தான் திட்டுவார். அவன் தட்டை உருவி விளக்கின் கீழ் வைத்தான். வெளி ஓரம் சாம்பல் பூத்திருந்தது. மூச்சும் பாட்டும் தொடங்கும் இடம் அதுதான்.

"நான்தான் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். ஆரம்பம் அழிஞ்சு போயிடுச்சு."

அண்ணன் தட்டை எடுத்து விரலால் தடவினார். திட்டு வரும் என்று அவன் காத்திருந்தான். அவர் தட்டைத் திரும்ப வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

தங்கை ஹெட்போனை அவர் பக்கம் தள்ளினாள். "கேளுண்ணே. டிக்கெட் வேண்டாம்."

அவன் கோப்பைத் தொடக்கத்துக்கு இழுத்தான். மூச்சு வந்து போனது. பாட்டு ஆரம்பித்தது. அண்ணன் எழுந்திருக்கவில்லை.