ஒலியும் அவரே

நாடகக் கம்பெனி நாயகனின் பிஸ்டலுக்குச் சுவர்ப்பல்லிகூடப் பயப்படாது. மரத்தில் செய்து கறுப்பு அடித்தது. சத்தமெல்லாம் அவன் மனைவியுடையது. அவன் விரல் மடங்கும் அதே நொடியில், திரைக்குப் பின்னால் அவள் இரண்டு பலகைகளைச் சேர்த்து அறைவாள். முன்வரிசைக்காரர்கள் நெஞ்சைத் தடவி ஓட்டை தேடுவார்கள். கூரைப் புறாக்கள் அடுத்த ஊரில்தான் இறங்கும்.

கைதட்டல் மட்டும் அவனுக்கு. “எல்லாம் நம்ம கைவேகம்” என்று மீசையை நீவிக்கொள்வான்.

புது நாடகத்துக்குச் சுவரொட்டி அச்சுக்குப் போகும்போது அவள் வாய்திறந்தாள்.

“என்னங்க, அடியில பொடி எழுத்துல ‘ஒலி’ன்னு என் பேரையும் போடச் சொல்லுங்களேன்.”

“பலகை தட்டுறதுக்கெல்லாம் பேரா? அப்புறம் திரை இழுக்கிறவன் கேப்பான், பெஞ்சு துடைக்கிறவன் கேப்பான், பெஞ்சுல இருக்கிற மூட்டைப்பூச்சியும் கேக்கும். போடி, பலகையத் துடை.”

துடைத்தாள். பளபளவென்று துடைத்தாள்.

முதல் ஆட்டத்தன்று எள் போட்டால் எண்ணெயாகிவிடும், அப்படிக் கூட்டம். உச்சக்கட்டத்தில் வில்லன் நெஞ்சைக் காட்டி நின்றான். நாயகன் விசையை அழுத்தினான்.

சத்தமில்லை. அவள் பலகைகளைத் தரையில் போட்டு, மேலே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுபடி அழுத்தினான். “தலைவா, எண்ணெய் போடு!” என்றது பின்வரிசை. பாதி சரிந்திருந்த வில்லன், “அண்ணே, சாகட்டுமா, நிக்கட்டுமா? முட்டி வலிக்குது” என்று முனகினான்.

நாயகன் பக்கத்திரையைப் பார்த்தான். “அடி தாயே, தட்டுடி!” என்று உதடு மட்டும் அசைந்தது.

“பேரு?” என்று அவள் உதடும் அசைந்தது.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தொண்டை கிழியக் கத்தினான்: “டுமீல்!”

அரங்கமே வெடித்தது. சிரித்த சிரிப்பில் ஒரு பெரியவரின் பல்செட் மூன்று வரிசை தாண்டிப் போய் விழுந்தது. செத்த வில்லனுக்கும் வயிறு குலுங்கியது.

மானம் போயிற்று, இனி காலில் விழ வருவான் என்று அவள் காத்திருந்தாள். வந்தவர் முதலாளி. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கோத்திருந்தது.

“இவ்வளவு நாளா இதத்தான்யா தேடிட்டிருந்தேன்! இனிமே வாயாலயே சுடு. ஏம்மா, அந்தப் பலகை இனி வேணாம். அடுப்புக்காவது ஆகும், எடுத்துட்டுப் போ.”

சில நாளில் தெருமுனையில் வேறு சுவரொட்டி. பிஸ்டலோடு வாய் பிளந்து அவன் நின்றான். அடியில், பொடி எழுத்தில் இல்லை, கொட்டை எழுத்தில்: ‘ஒலியும் அவரே!’

அவள் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது குளியலறைக்குள் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

“டுமீல்... டுமீல்... ஏய், எப்படி இருக்கு?”

நல்லாயிருக்கு என்று பொய் சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன காது விடவில்லை.

“கடைசியில இழுக்கிறீங்க. வெட்டி நிறுத்துங்க.”

வெட்டி நிறுத்தினான். கச்சிதமாக இருந்தது.