பத்தொன்பது ஒன்றுகள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், உலகில் வேறெந்தக் கல்லூரிக்கும் வாய்க்காத பெருமையாக, மன்னார்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கல்லூரி வாசலில் ஒரு பகா எண் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுத் திறந்துவைக்கப்பட்டது.

பத்தொன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாது. அதை நிரூபித்தவர் யாரோ, ஏதோ ஒரு நாட்டில், நூறு வருடத்துக்கு முன்பு. கல்லில் எண்ணைவிடப் பெரிதாக இருந்தது எங்கள் கணிதத் துறைத் தலைவர் முனைவர் பஞ்சநதத்தின் பெயர்.

கடைசி வரிசையில் விண்ணரசி உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். அவளுடைய பணி நீட்டிப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாமல், 'கணித ஆழம் போதாது' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் பஞ்சநதம். மறுநாளோடு வேலை முடிகிறது.

திரை விலகியது. பஞ்சநதம் மைக்கைப் பிடித்தார்.

"இந்த எண்ணை யாராச்சும் வகுத்துக் காட்டட்டும். அவங்க நீட்டுற காகிதத்துல கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

விண்ணரசி இருந்த இடத்திலிருந்தே, காற்றில் விரலால் ஒன்றுகளை இரண்டிரண்டாகத் தொட்டுக்கொண்டே போனாள். கடைசியில் ஒன்று மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை. மறுபடி தொட்டுப் பார்த்தாள். எழுந்தாள்.

"சார், பதினொண்ணால வகுபடுது."

"என்னம்மா உளர்றே? உக்காரு."

"எண்ணிப் பாருங்க சார். இருபது இருக்கு. ரெண்டு ரெண்டா பிரிச்சா பத்து பதினொண்ணு. மீதி சைபர்."

கல்லூரி முதல்வர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணினார். பிறகு மாணவர்கள் கூட்டமாகச் சத்தம் போட்டு எண்ணினார்கள். "இருபது!" என்ற கூச்சலில் பந்தலே ஆடியது.

கல் வெட்டிய தங்கமணியை முன்னால் இழுத்து வந்தார்கள். அறுவடைக் காலத்தில் களத்தில் மரக்காலால் நெல் அளப்பவரும் அவர்தான்.

"பத்தொம்போதுன்னுதானேய்யா சொன்னேன்?" என்றார் பஞ்சநதம்.

"பத்தொம்போதுதாங்க வெட்டியிருக்கேன். மொத மரக்கா சாமிக்குங்க. அதக் கணக்குல சேக்குறதில்ல. கை பழகிப்போச்சு."

"இது நெல்லாய்யா?"

"சாமிய எடுத்துட்டா இப்பவும் பகா எண்ணுதான் சார்!" என்றது பின்வரிசை.

விண்ணரசி பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாள். பஞ்சநதம் படிக்க ஆரம்பித்தார்.

"கண்ண மூடிக்கிட்டுப் போடுறதாச் சொன்னீங்க," என்றார் முதல்வர்.

போட்டார். விசில் பறந்தது. பஞ்சநதத்துக்காக வாங்கி வைத்திருந்த ரோஜா மாலை, கை மாறி, தலை மாறி விண்ணரசியின் கழுத்தில் விழுந்தது. அவளைத் தோளில் தூக்காத குறையாக வகுப்புவரை அழைத்துப்போனார்கள். தங்கமணியும் கூடவே நடந்து கைதட்டினார்.

நீட்டிப்பு பதினோரு மாதத்துக்கு.